ஒரு ரப்பர் வளையமும் ஒரு போர் விமானமும்

கார்த்திகை தீபத்துக்கு நாலு நாள் முன்னதாகவே திருவண்ணாமலைக்குப் போய்ச் சேர்ந்தேன். போன காரியம், தீபத்தைப் பற்றி நாலு வரி எழுதுவதற்குத்தான். திரும்பி வந்து எழுத உட்கார்ந்தால், பேனா ஆகாய விமானத்தைப் பற்றி எழுத ஆரம்பிக்கிறது! "கர்ப்பக்கிருஹத்தின் மேலே இருக்கிற விமானத்தைத்தான் இப்படிச் சுற்றி வளைத்துச் சொல்கிறாயோ?" என்று நேயர்கள் கேட்கலாம். இல்லை ஐயா, இல்லை. காது செவிடுபடும்படி இரைச்சல் போட்டுக்கொண்டு பறக்கிறதே, அந்தப் போர் விமானத்தைத்தான் சொல்கிறேன்.

இந்த விபரீதத்துக்குக் காரணம், கிரிவலப் பாதையில் நான் சந்தித்த ஒரு பெரியவர். பதினாலு கிலோமீட்டர் பாதையில் பாதி தூரம் நடந்ததும் என் கால்கள் சத்தியாக்கிரகம் செய்ய ஆரம்பித்தன. நல்லவேளையாக அந்த இடத்தில் ஒரு காப்பிக் கடை இருந்தது. கடைப் பெஞ்சியில் நரைத்த மீசையும் நிமிர்ந்த முதுகுமாக அவர் உட்கார்ந்திருந்தார். விமானப் படையின் சாமான் கிடங்குப் பகுதியில் இருபது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பத்திரிகைக்காரன் என்று தெரிந்ததும், பெயரைப் போடக் கூடாது என்று முதலில் என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் பேசினார்.

"தீபம் பார்க்கத்தானே வந்தீர்கள், தம்பி?"

"ஆமாம், ஐயா. பார்த்து எழுதவும் வேண்டும்."

"ஊரெல்லாம் சாயங்காலம் ஆறு மணிக்கு மலை உச்சியைப் பார்க்கும். நான் மட்டும் அதற்கு முன்னால் நெய் டின்னைப் பார்ப்பேன். பழைய உத்தியோக வாசனை! போகமாட்டேன் என்கிறது" என்று சிரித்தார்.

அவர் சொன்னதை யோசித்துப் பாருங்கள். மலை 2,668 அடி உயரம். அதன் உச்சிக்குப் பெரிய கொப்பரை முதல் நாளே போய்ச் சேர்ந்தாக வேண்டும். திரிக்காக 1,000 மீட்டர் அளவில் காடாத் துணி, சுமார் 3,500 கிலோ நெய், கற்பூரம், இவ்வளவும் மனிதர்களின் தோளில் ஏறிப் போக வேண்டும். இதில் எது குறைந்தாலும் தீபம் இல்லை. "சாமான் வரவில்லை, திருநாளை அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம்" என்று சொல்லவும் முடியாது. ஒரு நாளோடு தீர்கிற விஷயமா? பதினோரு நாள் தீபம் தெரிய வேண்டும்.

"ஒரு நாள் கொளுத்துவது உற்சவம், தம்பி. பதினோரு நாளும் எரிய வைப்பதுதான் சப்ளை" என்றார் பெரியவர். "எங்கள் விமானப் படையிலும் அதே கதைதான்."

அங்கே பிடித்தது பேச்சு. காப்பி இரண்டு முறை வந்தது. நான் எழுந்திருக்கவே இல்லை.

* * *

போர் விமானம் என்றால் நமக்கு நினைவு வருவது குடியரசு தின அணிவகுப்பு. பத்திரிகைகளும், எங்கள் பத்திரிகை உட்படத்தான், "இத்தனை விமானம் வாங்கினார்கள், இத்தனை கோடி செலவு" என்று எழுதிவிட்டுத் திருப்தி அடைந்துவிடுகின்றன. இந்திய விமானப் படைக்கு அனுமதிக்கப்பட்ட போர் அணிகள் 42. 2025 செப்டம்பர் 26-ஆம் தேதி சண்டிகரில் மிக்-21 விமானங்களுக்குப் பிரியாவிடை கொடுத்தபோது அது 29-ஆகக் குறைந்தது. இந்தக் கணக்கு ஓரளவு எல்லாருக்கும் தெரியும். ஆனால் இருக்கிற விமானங்களில் நாளைக் காலையில் பறக்கக் கூடியவை எத்தனை? இந்தக் கேள்வியை நாம் கேட்பதில்லை.

மனிதனுக்கு ஆயுள் எவ்வளவு என்று ஜோசியரைக் கேட்டால்கூட நிச்சயமாகத் தெரியாது. விமான உறுப்புக்கோ ஆயுள் எழுதியே வருகிறது. ஓர் உறுப்பு இத்தனை மணி நேரம் பறக்கலாம். இன்னொன்று இத்தனை முறை தரையிறங்கலாம். மற்றொன்று, பறந்தாலும் பறக்காவிட்டாலும், இத்தனை வருஷம்தான். முக்கியமான ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு ஜாதகக் குறிப்பு உண்டு. எங்கே பிறந்தது, எந்த விமானத்தில் எத்தனை மணி உழைத்தது, எப்போது கழற்றிப் பழுது பார்த்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். உறுப்பு ஒரு விமானத்திலிருந்து இன்னொன்றுக்குப் போனால் ஜாதகமும் கூடவே போக வேண்டும். ஜாதகம் தொலைந்துபோனால், உறுப்பு எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அதை மாட்ட முடியாது.

பெரியவர் ஒரு ராத்திரி நடந்ததைச் சொன்னார். வடக்கே ஏதோ ஒரு விமானத் தளம். மறுநாள் விடியற்காலை பறக்க வேண்டிய விமானத்தில் எண்ணெய்க் குழாய்க்கு ஒரு ரப்பர் வளையம் மாற்ற வேண்டியிருந்தது. நம் வீட்டுப் பிரஷர் குக்கர் வளையத்துக்குத் தங்கை என்று சொல்லலாம், அவ்வளவுதான். கிடங்கில் ஒரே ஒரு வளையம் இருந்தது. உறை பிரிக்காதது, புத்தம் புதியது. ஆனால் உறையின் மேல் எழுதியிருந்த கெடு ஒரு மாதத்துக்கு முன் முடிந்துவிட்டது. ரப்பர் அல்லவா? அலமாரியில் சும்மா இருந்தாலும் அதற்கு வயசாகிறது.

அதிகாரி வந்து கேட்டாராம். அதட்டவில்லை, கெஞ்சாத குறையாகக் கேட்டார். பெரியவர் அந்த வளையத்தில் சிவப்புச் சீட்டைக் கட்டி ஒதுக்கி வைத்துவிட்டார். விமானம் நாலு நாள் தரையில் நின்றது. அதிகாரி ஒரு மாதம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

"நீங்கள் செய்தது சரி என்று பிறகாவது ஒப்புக்கொண்டாரா, ஐயா?" என்று கேட்டேன்.

"அது எப்படித் தெரியும், தம்பி? அந்த வளையம் தாங்கியிருக்குமோ என்னவோ! எனக்குத் தெரியாது. தெரியாததனால்தான் கொடுக்கவில்லை. உள்ளே உட்காருகிறவன் இருபத்தைந்து வயசுப் பையன்" என்றார். சற்று நேரம் கழித்து, "அதிகாரியின் பேரில் தப்பே இல்லை. வளையம் வேண்டும் என்று ஒரு வருஷத்துக்கு முன்பே எழுதியாகிவிட்டது. காகிதம் மேஜை மேஜையாக நடந்துகொண்டிருந்தது" என்றும் சொன்னார்.

* * *

சாமான் இல்லாமல் நிற்கிற விமானத்துக்கு விமானத் துறையில் 'ஏ.ஓ.ஜி.' என்று ஒரு குறி உண்டு. தரையில் கிடக்கும் விமானம் என்று அர்த்தம். இது சில்லறைச் சங்கதி அல்ல. 2015 டிசம்பரில் மத்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை பாராளுமன்றத்துக்கு வந்தது. நம் படையின் பிரதான போர் விமானமான சுகோய்-30 நூற்றுக்கு 75 பறக்கத் தயாராக இருக்க வேண்டும் என்பது விதி; இருந்ததோ 55 முதல் 60 வரைதான் என்று அந்த அறிக்கை சொல்லிற்று. கோடி கோடியாய்க் கொடுத்து வாங்கியதில் நூற்றுக்கு நாற்பது கொட்டகையில்!

இந்த நிலைமையில் பட்டறைக்காரர்கள் என்ன செய்வார்கள்? நம் ஊர் லாரி ஷெட்டில் செய்கிறதைத்தான். நிற்கிற வண்டியிலிருந்து ஒரு சாமானைக் கழற்றி, ஓட வேண்டிய வண்டியில் மாட்டுவார்கள். அவசரத்துக்கு இது உதவும். ஆனால் ஒரு வேலை இரண்டு வேலையாகிறது. கழற்றும்போது நல்ல சாமானும் கெடலாம். நிற்கிற விமானம் நாளடைவில் எலும்புக்கூடாகிவிடும். நாடுகளே இதைச் செய்வதுண்டு. ஜாகுவார் விமானத்தை உலகத்தில் இன்னும் வைத்திருக்கும் படை நம்முடையதுதான். மற்றவர்கள் கைவிட்டுப் பல வருஷம் ஆயிற்று. ஆகையால் 2018-இல், ஓய்வு பெற்ற ஜாகுவார்கள் 31-ஐ உதிரிச் சாமானுக்காக நமக்குத் தருவதற்குப் பிரான்ஸ் ஒப்புக்கொண்டது. தானமாக வந்த பசுவைப் பல் பிடித்துப் பார்க்கக் கூடாதுதான். ஆனால் பல்லுக்காகவே பசுவை வாங்குகிற நிலைமையை என்னவென்று சொல்வது?

"ஏன் இந்தத் தட்டுப்பாடு? பணம் இல்லையா?" என்று கேட்டேன்.

"பணம் ஒரு காரணம். ஆனால் பணம் இருந்தாலும், விற்கிறவன் இருக்க வேண்டாமா?" என்றார் பெரியவர்.

சரித்திரத்தைப் புரட்டினால் அவர் சொன்னது விளங்குகிறது. 1965 யுத்தத்தின்போது அமெரிக்கா இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் ராணுவ சப்ளையை நிறுத்தியது. பெரும்பாலும் அமெரிக்க விமானங்களையே நம்பியிருந்த பாகிஸ்தானுக்கு அதில் அடி அதிகம். 1998-இல் பொக்ரான் சோதனைக்குப் பிறகு அமெரிக்கா நமக்குத் தடை விதித்தது. நம் கடற்படையின் ஸீ கிங் ஹெலிகாப்டர்கள் பிரிட்டனிலிருந்து வாங்கியவை. ஆனால் உள்ளே அமெரிக்க உறுப்புகள் இருந்தன. அவை வராமல் ஹெலிகாப்டர்கள் முடங்கின. கடை பிரிட்டனில், சாவி அமெரிக்காவில்!

1991-இல் இன்னும் பெரிய விபத்து. சாமான் விற்ற கடை மட்டும் அல்ல, தேசமே கலைந்துபோயிற்று. ஒரே சோவியத் யூனியனாக இருந்தது பதினைந்து நாடுகளாகப் பிரிந்தது. நம் இல்யூஷின்-76 சரக்கு விமானம் கட்டிய தாஷ்கண்ட் ஆலை உஸ்பெகிஸ்தானுக்குப் போயிற்று. அன்டோனோவ்-32 பிறந்த கீவ் நகரம் உக்ரைனுக்குப் போயிற்று. அந்த அன்டோனோவ் விமானங்களைப் புதுப்பிக்க 2009-இல் உக்ரைனோடு ஒப்பந்தம் செய்துகொண்டோம். மொத்தம் 105 விமானங்கள். 40-ஐ அங்கேயே செய்து தருவது, மிச்சத்தை நம் கான்பூர்ப் பட்டறையில் செய்வது என்று ஏற்பாடு. 40 வந்துவிட்டன. அதற்குள் 2014-இல் ரஷ்யாவுக்கும் உக்ரைனுக்கும் சண்டை மூண்டது. சாமான்கள் தாமதமாயின, கான்பூர் வேலை நத்தையாயிற்று. 2022-இல் சண்டை முழு யுத்தமாகவே வெடித்தது. சுகோய், மிக்-29 விமானங்களின் உதிரிச் சாமான்கள் வந்து சேருவதில் சிரமம் ஏற்பட்டதை விமானப் படை பாராளுமன்றக் குழுவிடம் சொல்ல வேண்டியதாயிற்று.

நம்முடைய பேரிலும் குறை உண்டு. சுகோய்-30 எம்.கே.ஐ. நம் படையில் சேர்ந்தது 2002-இல். அதன் உதிரிச் சாமான்களுக்கு நீண்டகால ஒப்பந்தம் ரஷ்யாவோடு கையெழுத்தானது 2017 மார்ச்சில். பசுவை வாங்கிப் பதினைந்து வருஷம் கழித்து வைக்கோலுக்கு ஏற்பாடு செய்கிற குடும்பத்தை நம் கிராமத்தில் என்ன சொல்வார்கள் என்று நான் எழுத வேண்டியதில்லை.

* * *

"இப்போதுதான் கம்ப்யூட்டர் வந்துவிட்டதே, ஐயா! ஒரு பொத்தானை அமுக்கினால் எந்தக் கிடங்கில் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடுமே?" என்று கேட்டேன். கெட்டிக்காரத்தனமாகப் பேசிவிட்டதாக எனக்கு எண்ணம்.

கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. விமானப் படை 2010 செப்டம்பர் 14-ஆம் தேதி 'ஏஎப்நெட்' என்ற சொந்தத் தகவல் வலையைத் தொடங்கியது. சாமான் கணக்குக்கு 'இம்மால்ஸ்' என்று ஒரு ஏற்பாடு. பழுது பார்க்கும் கணக்குக்கு 'இ-எம்.எம்.எஸ்.' என்று இன்னொன்று. ஆவடிக் கிடங்கில் இருக்கிற உறுப்பு, வடகிழக்கு மூலையில் இருக்கிற தளத்துக்கும் தெரிய வேண்டும் என்பது நோக்கம். பேரேட்டைப் புரட்டி, தபால் எழுதி, பதிலுக்குக் காத்திருந்த காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம். சந்தேகமே இல்லை.

ஆனால் பெரியவர் ஒரு போடு போட்டார். "கம்ப்யூட்டர் பொய் சொல்லாது, தம்பி. நாம் சொன்ன பொய்யை அழகாக அச்சடித்துக் கொடுக்கும். அலமாரியில் மூன்று, ஏட்டில் ஐந்து என்றால், கம்ப்யூட்டரிலும் ஐந்துதான். ஒரே சாமானுக்கு ரஷ்யாக்காரன் ஒரு நம்பர், பிரெஞ்சுக்காரன் ஒரு நம்பர் கொடுத்திருப்பான். இரண்டும் ஒன்று என்று மனிதன்தானே கண்டுபிடித்து எழுத வேண்டும்?"

இது நம் நாட்டுக்கு மட்டும் உள்ள வியாதி என்று யாரும் வருத்தப்பட வேண்டாம். உலகத்திலேயே நவீனமான எப்-35 விமானத்துக்காக அமெரிக்கா 'அலிஸ்' என்ற கம்ப்யூட்டர் ஏற்பாட்டைச் செய்தது. எந்த உறுப்பு எப்போது தேய்கிறது என்று கண்டுபிடித்து, தானே புதியதற்கு ஆர்டர் கொடுத்துவிடும் என்றார்கள். நடந்தது வேறு. உறுப்புகளின் ஜாதகம் தப்புத் தப்பாக வந்தது. விமானம் சரியாக இருந்தும் 'பறக்கத் தகுதி இல்லை' என்று அலிஸ் சாதித்தது. பட்டறையில் வேலை செய்கிறவர்கள் தங்களுக்கென்று தனிக் கணக்கு எழுதி வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அமெரிக்கத் தணிக்கை அலுவலகமே 2020-இல் இதையெல்லாம் எழுதியிருக்கிறது. அலிஸை மாற்றிவிட்டு 'ஓடின்' என்று புதிய ஏற்பாடு செய்கிறார்கள். ஓடினால் சரிதான்! 2023 மார்ச்சில் எப்-35 விமானங்களில் நூற்றுக்கு 55 அளவில்தான் பணிக்குத் தயாராக இருந்தன என்று அதே அலுவலகம் சொல்லிற்று. நம் சுகோய் பட்ட பாட்டுக்கு இது ஏறக்குறையச் சமம்.

* * *

"அப்படியானால் சாமானை நாமே செய்துகொள்வதுதானே?" என்று வாசகர்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். செய்கிறார்கள். செய்யத் தெரியாதவர்களும் அல்ல நாம். இரண்டாவது உலக யுத்தத்தில் பங்களூரின் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை அமெரிக்க விமானங்களைப் பழுது பார்த்துக் கொடுத்தது. பிரிட்டிஷ் கடற்படை நம் கோயமுத்தூரிலேயே ஒரு விமானப் பட்டறை வைத்திருந்தது. இன்றைக்கும் சூலூரில் விமானப் படையின் பழுது பார்க்கும் பட்டறை இருக்கிறது. 2019 ஜனவரியில் திருச்சியில் ஆரம்பித்து வைத்த தமிழ்நாடு ராணுவத் தொழில் வழித்தடத்தில் சென்னை, கோயமுத்தூர், ஓசூர், சேலம், திருச்சி ஆகிய ஊர்கள் சேர்ந்திருக்கின்றன.

ஆனால் சிக்கல் இப்படி வருகிறது. கோயமுத்தூரில் பம்ப் செட்டுக்கு உறுப்புச் செய்கிற ஒரு பட்டறைக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் லேத்தில் விமான வளையம் செய்ய முடியாதா? முடியும். செய்தபின் அதைச் சூட்டிலும் குளிரிலும் அழுத்தத்திலும் சோதிக்க வேண்டும். ராணுவ விமானத்துக்கு அத்தாட்சி கொடுக்கும் பங்களூர் ஸ்தாபனம் அதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குப் பொறுமையும் பணமும் வேண்டும். எல்லாம் முடிந்து ஆர்டர் வந்தால், வருஷத்துக்கு ஐம்பது வளையம் போதும் என்கிறார்கள்! ஐம்பது வளையத்துக்காக அச்சுச் செய்து யந்திரத்தை நிறுத்தி வைக்க எந்த வியாபாரி சம்மதிப்பார்? அந்நிய நாட்டுக் கம்பெனியும் இதே காரணத்தினால்தான் ஆயிரம் எடுத்தால் தருகிறேன் என்கிறது. ஆயிரம் எடுத்தால் தொள்ளாயிரம் அலமாரியிலேயே கிழமாகிவிடும்.

நாமே விமானம் கட்டினாலும் சங்கிலி முழுவதும் நம் கையில் இருப்பதில்லை. தேஜஸ் நம் விமானம். அதன் எஞ்சின் அமெரிக்காவுடையது. 2021-இல் 99 எஞ்சின்களுக்கு ஆர்டர் கொடுத்தோம். அந்த எஞ்சின் செய்கிற வரிசையை அமெரிக்கக் கம்பெனி ஐந்து வருஷமாக மூடி வைத்திருந்தது. மறுபடி திறந்து, பழைய சப்ளைக்காரர்களைத் தேடிப் பிடித்து, முதல் எஞ்சினை அனுப்பியபோது 2025 மார்ச் ஆகிவிட்டது. விட்ட அடுப்பைத் திரும்ப மூட்டுவது கஷ்டம் என்று நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். பெரிய கம்பெனிகளுக்கு அனுபவத்தில்தான் தெரிகிறது.

ஆக, சப்ளையை நவீனமாக்குவது என்றால் கம்ப்யூட்டர் வாங்குவது மட்டும் அல்ல. அலமாரியும் ஏடும் ஒத்துப்போக வேண்டும். மூன்று வருஷம் கழித்து எது தேயும் என்று இன்றைக்கே கணக்குப் போட வேண்டும். விமானம் வாங்கும் நாளிலேயே அதன் ஆயுள் முழுவதற்கும் உதிரிச் சாமானை உறுதி செய்துகொள்ள வேண்டும். ஐம்பது வளையம் செய்கிறவருக்கு நஷ்டம் வராதபடி விலை கொடுக்க வேண்டும். இவற்றில் எதற்கும் அணிவகுப்பு இல்லை, திறப்பு விழா இல்லை, பத்திரிகையில் படம் இல்லை. ஆகையால்தான் தள்ளிப்போகிறது. தள்ளிப்போட்டதன் பாரம் முழுவதும், ஒரு ராத்திரி, சிவப்புச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற ஒரு கிடங்குக்காரரின் தலையில் வந்து விழுகிறது. எல்லாக் கிடங்கிலும் எல்லா ராத்திரியிலும் அவருக்கு 'இல்லை' என்று சொல்லத் தைரியம் இருக்கும் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கலாமா?

அடுத்த முறை "புதிய விமானங்கள் வாங்கப்பட்டன" என்று பத்திரிகையில் படித்தால், "உதிரிச் சாமானுக்கு என்ன ஏற்பாடு?" என்று உங்கள் பாராளுமன்ற அங்கத்தினருக்கு ஒரு கடிதம் போடுங்கள். எங்களுக்கும் போடுங்கள், நாங்களும் கேட்க மறந்துவிடுகிறவர்கள்தான்.

எழுந்திருக்கும் நேரத்தில் மூன்றாவது காப்பி கேட்டேன். கடைக்காரர் தலையைச் சொறிந்தார். சர்க்கரை தீர்ந்துவிட்டதாம்.

"தீபத்துக்கு லட்சக் கணக்கில் ஜனங்கள் வருவார்களே! இப்போதே தீர்ந்துவிட்டதா?" என்று பெரியவர் கேட்டார்.

"நாளைக்கு வந்துவிடும், சார்" என்றார் கடைக்காரர்.

பெரியவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "இருபது வருஷம் இந்த வார்த்தையைத்தான் கேட்டேன், தம்பி!"